மூச்சுக்கு மூன்று மாதம், குதிகாலுக்கு ஒரு வருடம்: அல்சூரில் 22 மாத ஓட்டம்

2024 ஜனவரியில் பெங்களூரில் அல்சூர் ஏரிக்கரையில் முதல் தடவை ஓடியபோது எனக்கு 46 வயது. ஓடியது சரியாக அறுபது விநாடி. மதில் ஓரமாக நின்றிருந்த வாட்ச்மேன் "ஏனு மேடம், பஸ் ஹோய்தா?" என்று கேட்டார். பஸ்ஸை விட்டவள் மாதிரிதான் இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றேன். 2025 அக்டோபரில் நகரத்தில் நடந்த ஓர் அரை மராத்தானை, அதாவது 21.1 கிலோமீட்டரை, 2 மணி 51 நிமிடத்தில் முடித்தேன். இடையில் எது கைகொடுத்தது, எதில் காசு வீணானது, எது காலை வாரியது என்று சொல்கிறேன். பள்ளிக்கூடத்தில் பி.டி. பீரியடில் கூட மரத்தடியில் உட்கார்ந்திருந்தவர்களுக்காக இது. இருபத்தைந்து வயதுக்காரர்கள் எப்படி ஓடினாலும் ஓடிவிடுவார்கள்.

தொடங்கியது 'கவுச் டு 5கே' திட்டத்தில். சோபாவில் கிடப்பவரை ஐந்து கிலோமீட்டர் ஓட வைக்க ஜோஷ் கிளார்க் என்பவர் 1996-ல் போட்ட ஒன்பது வாரத் திட்டம் இது. வாரத்துக்கு மூன்று நாள். முதல் வாரம் 60 விநாடி ஓட்டம், 90 விநாடி நடை, மொத்தம் இருபது நிமிடம். நான்கு வாரம் நன்றாகப் போனது. ஐந்தாவது வாரத்தில் ஒரு பூதம் உட்கார்ந்திருக்கிறது: இரண்டாம் நாள் எட்டெட்டு நிமிடமாக இரண்டு தடவை, மூன்றாம் நாள் நிற்காமல் இருபது நிமிடம். எனக்குப் பன்னிரண்டாவது நிமிடத்தில் விலா பிடித்துக்கொண்டது. வெட்கப்படாமல் நான்காம் வாரத்துக்கே திரும்பி, அதையே மூன்று தடவை செய்தேன். ஒன்பது வாரம் பதின்மூன்று ஆனது. வயது நாற்பதைத் தாண்டியிருந்தால் அந்த அட்டவணையைக் கோயில் படி மாதிரி எண்ணி ஏறலாம், இரண்டு படி தாவ வேண்டாம்.

வேகம் என்ற விஷயம் புரியத்தான் நாளானது. மூச்சு முட்டாமல் பேச முடிகிற வேகத்தில் ஓடு என்கிறார்கள். தனியாக ஓடுகிறவள் யாரிடம் பேசுவது? கணக்குப் பிரிவில் வேலை பார்ப்பவள் என்பதால் பதினாறாம் வாய்ப்பாட்டைப் பிடித்துக்கொண்டேன். இரண்டு வரிக்கு ஒரு மூச்சு என்று சொல்ல முடிந்தால் வேகம் சரி. "ஆறு பதினாறு..." என்று இழுத்தால் வேகம் அதிகம். கையில் கட்டிய வாட்சைவிட இது நம்பகமானது. டிசம்பர் குளிரில் வாட்ச் 168 இதயத்துடிப்பு காட்டும், நானோ சாவகாசமாக வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருப்பேன். அப்புறம்தான் தெரிந்தது, குளிரில் தோலுக்கு ரத்தம் குறைவாக வரும்போது வாட்சின் அடியில் துடிப்பைப் பார்க்கிற விளக்கு அதை விட்டுவிட்டுக் காலடியை எண்ணத் தொடங்கிவிடுமாம். பட்டையை இறுக்கி, மணிக்கட்டு எலும்புக்கு இரண்டு விரல் மேலே தள்ளிக் கட்டினால் ஓரளவு சரியாகிறது. தூரம் பார்க்க மட்டும் வாட்ச் போதும்.

மூன்று மாதத்தில் மூச்சு வந்துவிட்டது. வினை அங்கேதான் ஆரம்பம். ஆறு கிலோமீட்டர் ஓடியும் களைப்பில்லை. ஏரியின் ஒரு பக்கம் ராணுவ இடம், முழுச் சுற்று வர முடியாது. போய்த் திரும்பிப் போய்த் திரும்பி அலுத்துப்போய், ஞாயிற்றுக்கிழமைகளில் வண்டி விடாத கப்பன் பார்க்குக்கு மாறினேன். அந்த மர நிழலும், கூட ஓடுகிற கூட்டமும் சேர்ந்து இரண்டே வாரத்தில் ஆறைப் பத்தாக்கிவிட்டது. மூன்றாவது திங்கட்கிழமை காலை கட்டிலிலிருந்து இறங்கி இடது காலை ஊன்றியதும் குதிகாலில் கருவேலமுள் ஏறின மாதிரி ஒரு குத்து. பத்தடி நடந்ததும் போய்விட்டது. மறுநாளும் அதே. "யாரும்மா உன்னைத் துரத்துறாங்க?" என்று மாமியார் கேட்டார். அவர் கேள்வியில் நியாயம் இருந்தது.

பிளான்டர் ஃபேசியைட்டிஸ். உள்ளங்காலில் குதிகாலையும் விரல்களையும் இணைக்கிற பட்டையில் வரும் கோளாறு. பிசியோதெரபிஸ்ட் சொன்ன விளக்கம்தான் இந்த 22 மாதத்தில் நான் கேட்ட உருப்படியான பேச்சு: இதயமும் தசையும் சில வாரங்களில் பழகிவிடும், தசைநார்களுக்கும் இந்தப் பட்டைக்கும் ரத்த ஓட்டம் குறைவு, அவை பழக மாதக்கணக்கில் ஆகும். மூச்சு "போகலாம்" என்று சொல்லும்போது குதிகால் இன்னும் செருப்பையே தேடிக்கொண்டிருக்கிறது.

அவர் கொடுத்த பயிற்சி இது. மாடிப்படி விளிம்பில் ஒரு டவலைச் சுருட்டி வைத்து, அதன்மேல் கால்விரல்கள் மேல்நோக்கி வளையும்படி முன்பாதத்தை ஊன்றி, குதிகால் அந்தரத்தில் இருக்க ஒற்றைக்காலில் நிற்க வேண்டும். மூன்று விநாடியில் மேலே, இரண்டு விநாடி நிறுத்தம், மூன்று விநாடியில் கீழே. பன்னிரண்டு தடவை, மூன்று சுற்று, ஒருநாள் விட்டு ஒருநாள். பிறகு முதுகுப்பையில் பாரம் ஏற்றிக்கொண்டு எண்ணிக்கையைக் குறைப்பது. நான் பையில் அரிசி போட்டுக்கொண்டேன், முதலில் இரண்டு கிலோ, பிறகு ஐந்து. முள் முழுதாகப் போக மூன்றரை மாதம் ஆனது. ஐஸ், எண்ணெய், பந்து உருட்டல் எல்லாம் அன்றைக்குச் சுகம், அவ்வளவுதான்.

ஷூ பற்றிச் சுருக்கமாக. முதலில் போன கடையில் பத்து நிமிடப் பேச்சிலேயே என் தலையில் அடியில் கெட்டியான கார்பன் தகடு வைத்த ஷூவைக் கட்டினார்கள், பதினான்காயிரம் ரூபாய். பந்தயத்தில் வேகமாக ஓடுகிறவர்களுக்கான சாமான் அது. கிலோமீட்டருக்கு எட்டு நிமிடம் என்கிற என் வேகத்துக்குக் கல்யாண வண்டியில் காய்கறி வாங்கப் போனது போல. அளவும் சரியில்லை. ஓட ஓடப் பாதம் வீங்கும், பெருவிரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும் என்று ஒரு நகம் கறுத்து விழுந்த பிறகே கற்றேன். இப்போது சாதாரண, மெத்தென்ற ஷூ இரண்டு ஜோடி, மாற்றி மாற்றி. முந்தைய ஜோடி 640 கிலோமீட்டர் உழைத்தது. அடி தேயவில்லை, உள் மெத்தைதான் செத்துப்போனது. அதைக் கண் சொல்லாது, முழங்கால் சொல்லும்.

டிசம்பரில் மூன்று கிலோமீட்டரிலிருந்து மறுபடி ஆரம்பம். இரண்டு வாரத்துக்கு ஒரு கிலோமீட்டர் கூட்டல், நான்காவது வாரம் குறைப்பு. பிப்ரவரியில் காரணமே இல்லாமல் நாலு கிலோமீட்டருக்கே நாக்குத் தள்ளியது. சோம்பேறித்தனம் என்று என்னையே திட்டிக்கொண்டேன். ரத்தப் பரிசோதனையில், உடம்பின் இரும்புச்சத்துச் சேமிப்பைக் காட்டுகிற ஃபெரிட்டின் வெறும் 9. இந்த வயதில் மாதவிலக்கு தாறுமாறாகிறது, இரும்புச்சத்து போகும் வழி அதுதான். இதை எந்த ஓட்டக் கூட்டத்திலும் யாரும் என்னிடம் சொல்லவில்லை. டாக்டர் மாத்திரை எழுதிவிட்டு, அதை ஒட்டிக் காபி குடிக்கக் கூடாது என்றார். டிகாஷனைத் தள்ளிவைத்தது இந்த இரண்டு வருடத்தின் மிகப் பெரிய தியாகம். 21 கிலோமீட்டரெல்லாம் அப்புறம்தான். இரண்டு மாதத்தில் உடம்பு தெளிந்தது. பெண்கள் ஷூவுக்கு முன்னால் இந்தப் பரிசோதனைக்குச் செலவு செய்யுங்கள்.

ஏப்ரலில் 'வேர்ல்ட் 10கே', 2008 முதல் இங்கே நடக்கிற பத்து கிலோமீட்டர் பந்தயம். 1 மணி 19 நிமிடம். மூன்று நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை என்றே போனேன். 1972 ஒலிம்பிக்கில் பத்தாயிரம் மீட்டர் ஓடிய ஜெஃப் காலோவே பரப்பிய முறை இது. களைத்த பிறகு நடப்பதல்ல, களைப்பதற்கு முன்பே நடப்பது. முதல் கிலோமீட்டரிலேயே நடந்தால் பின்னால் வருகிறவர்கள் பரிதாபமாகப் பார்ப்பார்கள். எட்டாவதில் அவர்களில் சிலரைப் பார்க்கலாம்.

ஜூனில் சென்னையில் அக்கா வீட்டுக்குப் போனபோது, 900 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கி வந்திருக்கிறோம், பறக்கலாம் என்று கலங்கரை விளக்கத்திலிருந்து நேப்பியர் பாலத்துக்கு விடியற்காலை ஓடினேன். புழுக்கத்தில் வியர்வை காயவே இல்லை. காயாவிட்டால் உடம்பு குளிராது. பாலத்தோடு நின்றுவிட்டேன். "உங்க பெங்களூர் ஓட்டமெல்லாம் ஏசி ஓட்டம்டி" என்றாள் அக்கா.

அரை மராத்தானுக்கு முன் நான் ஓடிய அதிகபட்சம் 17. பந்தயத்தில் நாலு நிமிட ஓட்டத்துக்கு ஒரு நிமிடம் நடை. கடலைமிட்டாய் எடுத்துப் போகாதீர்கள், மூச்சு வாங்கும்போது தூள் தொண்டையில் ஏறும், பேரீச்சம்பழம் நல்லது. ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை அதில் போட்டிருக்கிற அளவு தண்ணீரில்தான் கரைக்க வேண்டும், சின்ன பாட்டிலில் கெட்டியாகக் கரைத்து நான் பட்டது போதும். பதினெட்டாவது கிலோமீட்டருக்கு மேல் வாய்ப்பாடு மறந்துவிட்டது, ஆனால் குதிகால் வலிக்கவில்லை.

முழு மராத்தான் எப்போது என்கிறார்கள். இப்போதைக்கு இல்லை. இன்னும் ஒரு வருடம் 21-லேயே இருக்கப் போகிறேன். மாடிப்படியில் டவல் அப்படியே கிடக்கிறது. மாமியார் அதைத் துவைக்கப் போட்டுவிடுகிறார், நான் திரும்பக் கொண்டுவந்து வைக்கிறேன்.