சிமென்ட் தரையில் ஓட்டிப் பார்த்து மணலில் ஓடும் வண்டியை வாங்காதீர்கள்

போன வாரம் என் மைத்துனர் கைபேசியில் ஒரு விளம்பரத்தைக் காட்டினார். கடற்கரைக்கும் மணல் மேட்டுக்கும் ஏற்ற நால்வர் வண்டி (சாலையில்லாத இடங்களில் ஓட்டும் சிறு திறந்த வண்டி), முப்பத்தைந்து மணி நேரமே ஓடியது, உடனே எடுத்துச் செல்லலாம் என்று போட்டிருந்தது. வண்டியைவிட அது நின்ற இடம்தான் முதலில் என் கண்ணில் பட்டது. அதே சிமென்ட் முற்றம், அதே நீலத் தகரக் கதவு. 2024 ஜனவரியில் அந்த முற்றத்தில் நின்றுதான் ஒன்பது லட்சத்து இருபதாயிரம் ரூபாய் கொடுத்தேன். இன்னொருவர் அங்கே போய் நிற்பதற்குள் இதை எழுதிவிட வேண்டும்.

நாங்கள் ஆந்திர எல்லையோரச் சூலூர்பேட்டைக்காரர்கள். ஆரம்பாக்கத்தில் பாதி உறவு, தடாவில் மீதி உறவு. வீட்டில் தமிழ், கடைத்தெருவில் தெலுங்கு. வாக்காடு பக்கம் கடலோரமாக எங்களுக்குச் சவுக்குத் தோப்பு இருக்கிறது. 2023 டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் புயல் இந்தக் கரையை உரசிக்கொண்டு போய் பாபட்லா அருகே கரையேறியது. தோப்பில் மரங்கள் வரிசை வரிசையாகச் சாய்ந்தன. டிராக்டர் மணலில் புதைந்தது. பழைய ஜீப்பைத் தார்ச்சாலை முடியும் இடத்திலேயே நிறுத்திவிட்டு, பம்பையும் டீசலையும் தலைச்சுமையாகக் கொண்டு போனோம். நான்கு பேரையும் சாமான்களையும் ஏற்றிக்கொண்டு மணலில் போகும் வண்டி எங்களுக்கு உண்மையாகவே தேவைப்பட்டது. விற்றவர் அதை முதல் ஐந்து நிமிடங்களில் புரிந்துகொண்டார்.

கிடங்கு சென்னையின் வடக்கு எல்லையில், செங்குன்றத்தைத் தாண்டி இருக்கிறது. ஆள் நன்றாகப் பேசுவார். "சார், வெளிநாட்டு வண்டி. ஒரு பண்ணை வீட்டுக்காரர் வாங்கிச் சும்மா நிறுத்தி வைத்திருந்தது. மீட்டரைப் பாருங்கள், நாற்பத்தொரு மணி நேரம்தான்" என்றார். இவ்வகை வண்டிகளில் கிலோமீட்டரைவிட எஞ்சின் ஓடிய மணி நேரத்தைத்தான் பார்ப்பார்கள். மீட்டரில் 41 என்று இருந்தது. குனிந்து பார்த்தேன், அடிப்பாகம் முழுவதும் புதுக் கறுப்புச் சாயம் பளபளத்தது. நன்றாகப் பராமரித்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். பழைய வண்டியின் அடிப்பாகத்தில் புதுச்சாயம் இருந்தால் அது எதை மறைக்கிறது என்றுதான் முதலில் கேட்டிருக்க வேண்டும்.

பிறகு ஒரு காணொளி காட்டினார். இதே வகை வண்டி கடற்கரையில் பறக்கிறது. இடம் கண்ணூருக்கு அருகிலுள்ள முழப்பிலங்காடு என்பதைப் பிற்பாடுதான் தெரிந்துகொண்டேன். ஏறத்தாழ நான்கு கிலோமீட்டர் நீளமுள்ள அந்தக் கரையில் மணல் இறுகிக் கிடக்கும். சாதாரணக் கார்களே அங்கே ஓடுகின்றன. அலை நனைத்த இறுகிய மணல் வேறு, எங்கள் தோப்புக்கு முன்னால் காற்று குவித்து வைத்திருக்கும் மாவு போன்ற மணல் வேறு. முதலாவதில் ஓடியதைக் காட்டி இரண்டாவதற்கு வண்டி விற்பது ஏமாற்று.

முற்றத்தில் ஓட்டிக் காட்டினார். பொத்தானை அழுத்தியதும் ஃபோர் வீல் டிரைவ் விளக்கு எரிந்தது. "எங்கள் ஊர் மணலில் ஒரு முறை ஓட்டிப் பார்க்கிறேன், லாரி வாடகை நான் தருகிறேன்" என்றேன். "மணலில் இறக்கிவிட்டால் புது வண்டி என்று யாருக்கும் விற்க முடியாது சார். இன்றைக்கே இன்னொருவர் வருகிறார்" என்றார். அங்கேயே நான் திரும்பியிருக்க வேண்டும். மணலுக்கென்று விற்கும் வண்டியை மணலில் இறக்க மறுப்பவரிடம் பேச எதுவுமில்லை.

செங்காளம்மன் கோயிலில் பூஜை போட்டு, லாரியிலேயே ஏற்றித் தோப்புக்குக் கொண்டு போனோம். முதல் மேட்டிலேயே பின்சக்கரங்கள் குழி தோண்டின. முன்சக்கரங்கள் அசையவில்லை. கைபேசியில் அழைத்துக் கேட்டேன். "ஹை கியரில் போட்டு முழு வேகம் கொடுங்கள் சார்" என்றார். கொடுத்தோம். ரப்பர் கருகும் வாடை வந்தது. இந்த வண்டிகளில் எஞ்சினின் வலுவைச் சக்கரத்துக்குக் கொண்டுபோவது ஒரு பெல்ட். பாரத்தோடு இளமணலில் போகும்போது லோ கியரில்தான் போக வேண்டும். ஹை கியரில் முறுக்கினால் பெல்ட் வழுக்கிச் சூடேறி எரியும். மூன்றாம் நாள் பெல்ட் அறுந்தது. "அது தேய்கிற சாமான், உத்தரவாதத்தில் வராது" என்று பதில் வந்தது. அவர் சொன்னபடி ஓட்டித்தான் அது எரிந்தது.

நாயுடுபேட்டையிலிருந்து ஒரு மெக்கானிக்கை அழைத்து வந்தோம். அவர் எஞ்சினைத் தொடவே இல்லை. சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் படுத்தார். பத்து நிமிடம் கழித்து, "அண்ணா, நீங்களும் வந்து படுங்கள்" என்றார். முன்சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் ஷாஃப்ட் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. உப்புநீர் புகுந்து முன் டிஃபரன்ஷியல் (சுழற்சியை இரு முன்சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரப் பெட்டி) இறுகிவிட்டதால், அதைச் சரி செய்யாமல் ஷாஃப்டையே கழற்றி வீசியிருக்கிறார்கள். விளக்கு எரியும், பொத்தான் அழுந்தும், சக்கரம் மட்டும் சுற்றாது. இத்தகைய வண்டிகள் பலவற்றில் பின்சக்கரம் வழுக்கினால்தான் முன்சக்கரம் இழுக்கத் தொடங்கும். ஆகவே பிடிப்புள்ள சிமென்ட் தரையில் எத்தனை சுற்று ஓட்டினாலும் இந்தக் குறை தெரியாது. முற்றத்தை விட்டு வண்டியை ஏன் வெளியே விடவில்லை என்பது அப்போதுதான் புரிந்தது.

அந்த மெக்கானிக் காட்டிய ஒவ்வொன்றும் எந்தக் கருவியும் இல்லாமல் நானே பார்த்திருக்கக் கூடியது. பின்னிருக்கை பெல்ட்டைக் கடைசிவரை இழுத்தார். கடைசி ஒரு சாண் நாடா உப்பேறி விறைத்திருந்தது, சுருளிலிருந்து மணல் கொட்டியது. அலுமினிய உறைகளின் மடிப்பில் வெள்ளையாகப் பொரிந்திருந்தது. மின்கம்பி இணைப்பைக் கழற்றினால் உள்ளே செம்பு பச்சை பூத்திருந்தது. சாயம் பூசிய போல்ட் தலையை ஸ்பேனரால் தட்டியதும் சாயத்தோடு துருவும் செதிலாக விழுந்தது. பண்ணை வீட்டில் சும்மா நின்ற வண்டிக்கு இந்தக் கோலம் வராது. பின்னர் சென்னையில் ஒருவரிடம் கொண்டுபோய் வண்டியின் கணினிப் பெட்டியைக் கருவியில் மாட்டிப் படித்தோம். மீட்டரை மாற்றினாலும் எஞ்சின் எத்தனை மணி நேரம் ஓடியது என்பதைப் பல வண்டிகளில் அந்தப் பெட்டி தனியே நினைவில் வைத்திருக்கும். எங்களுடையது 1,140 மணி நேரம் என்றது. எங்கோ ஒரு கடற்கரையில் வாடகைச் சவாரிக்கு ஓடி ஓய்ந்த வண்டி அது.

கணினிப் பெட்டி சொன்ன இந்தக் கணக்கு தெரிவதற்கு முன்பே விபத்து நடந்துவிட்டது. அதை எழுதத்தான் எனக்குக் கை வரவில்லை.

அறுந்த எஞ்சின் பெல்ட்டை மாற்றிய பிறகு, பின்சக்கர இழுப்பிலேயே தோப்பின் உள்பாதைகளில் ஓட்டிக்கொண்டிருந்தோம். பிப்ரவரியில் ஒரு காலை, சிறிய சரிவொன்றில் வண்டி பக்கவாட்டில் சாய்ந்து குலுங்கியது. கவிழவில்லை. ஆனால் பின்னிருக்கையில் பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்த பெரியவர் வெளியே விழுந்தார். பெல்ட் அறுபடவில்லை, பெல்ட்டைச் சட்டத்தோடு பிணைக்கும் இரும்புத் தகடு துருப்பிடித்துப் பிய்ந்து வந்துவிட்டது. காறையெலும்பு முறிந்தது. என் அப்பா காலத்திலிருந்து எங்கள் தோப்பில் இருப்பவர் அவர். விழுந்து கிடந்தபடியே, "தம்பி, மற்றவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே?" என்று கேட்டார். விற்றவரை அழைத்து இதைச் சொன்னபோது, "கரடுமுரடாக ஓட்டினால் நாங்கள் என்ன செய்ய முடியும்?" என்றார். அதன் பிறகு என் எண்ணிலிருந்து போகும் அழைப்புகளை அவர் எடுப்பதில்லை.

இனி வாங்கப் போகிறவர்களுக்கு, நான் பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

நான்கு இருக்கை வேண்டுமா என்பதை முதலில் தீர்மானியுங்கள். இரண்டு இருக்கை வண்டியில் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே ஏழடி அளவில் இருக்கும். நால்வர் வண்டியில் அது ஒன்பதடியைத் தாண்டும். மணல் மேட்டின் கூர்முகட்டில் ஏறும்போது நீள வண்டியின் வயிறு முகட்டில் உட்கார்ந்துகொள்ளும், சக்கரங்கள் வெறும் காற்றில் சுற்றும். எங்களைப் போல நான்கு பேரை ஏற்ற வேண்டியவர்களுக்கு வேறு வழியில்லை. அப்படியானால் அடிப்பாகத்துக்கும் தரைக்கும் உள்ள உயரத்தை நால்வரையும் உட்கார வைத்த பிறகு அளங்கள். காலி வண்டியில் அளந்து பயனில்லை.

டயர் விஷயத்திலும் என்னைத் தவறாக வழிநடத்தினார்கள். "சேற்றிலும் போகும், மணலிலும் போகும்" என்று சொல்லி, ஆழமான கட்டைகள் உள்ள சேற்று டயருக்குத் தனியாக நாற்பதாயிரம் வாங்கினார்கள். சேற்று டயர் மணலைத் தோண்டும். மணலுக்கு அகலமான, கட்டை குறைந்த டயர் வேண்டும். அதுதான் மேலே மிதக்கும். காற்றையும் குறைக்க வேண்டும். நாங்கள் 14 பவுண்டிலிருந்து 8க்குக் குறைத்ததுமே வித்தியாசம் தெரிந்தது. மிகவும் குறைத்தால் திருப்பத்தில் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். காற்றடிக்கும் சிறு பம்பு ஒன்று எப்போதும் வண்டியில் இருக்கட்டும். எஞ்சினுக்குக் காற்று போகும் வாய் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்றும் பாருங்கள். தாழ்வாக இருந்தால் முன்னால் போகும் வண்டி கிளப்பும் மணல் நேரே ஃபில்டருக்குப் போகும். கடலோரம் போய்வந்த ஒவ்வொரு நாளும் நல்ல தண்ணீரால் அடிப்பாகத்தைக் கழுவ முடியாதவர்கள் இந்த வண்டியை வாங்கவே வேண்டாம். உப்பு பொறுத்திருக்காது.

"பதிவெல்லாம் தேவையில்லை, ஊர்ச் சாலையில் தாராளமாக ஓட்டலாம்" என்றும் சொன்னார்கள். இதுவும் பொய். மோட்டார் வாகனச் சட்டம் 1988, 39ஆம் பிரிவின்படி பதிவில்லாத வண்டியைப் பொது இடத்தில் ஓட்டக் கூடாது. வகை ஒப்புதல் (இந்த மாதிரி வண்டி சாலைக்கு ஏற்றது என்ற அரசுச் சான்று) பெறாமல் வந்த வண்டியைப் பதிவு செய்யவும் மாட்டார்கள். பதிவு செய்ய முடியாத வண்டிக்கு மூன்றாம் தரப்பு காப்பீடு கிடைப்பதும் அரிது. சாலையில் ஒருவரை இடித்துவிட்டால் முழுப் பொறுப்பும் நம் தலையில்தான். உங்கள் நிலத்துக்குப் போகப் பொதுச்சாலையைக் கடக்க வேண்டுமென்றால், வண்டியை ஏற்றிச் செல்லும் செலவையும் விலையோடு சேர்த்துக் கணக்கிடுங்கள்.

கடற்கரை என்று விளம்பரத்தில் இருக்கிறதே என்று கரையில் இறங்கிவிடாதீர்கள். ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் இரவில் இந்தக் கரையேறி முட்டையிடும் காலம். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள உயிர் அது. மணல் மேடுகளும் ஆமை முட்டையிடும் இடங்களும் கடலோர ஒழுங்குமுறை மண்டலத்தில் மிகக் கடுமையான முதல் வகைக்குள் வருகின்றன. முட்டைகளைச் சேகரிக்க வந்த குழுவினர் எங்கள் டயர்த் தடத்தைக் காட்டி, பொரித்து வரும் குஞ்சு இந்தப் பள்ளத்தில் விழுந்தால் ஏறிக் கடலுக்குப் போகாது என்று விளக்கினார்கள். அன்றிலிருந்து எங்கள் வேலியைத் தாண்டிக் கடல்பக்கம் எந்த வண்டியும் போவதில்லை. விற்றவர் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

காகிதத்தில் நான் செய்த தவறு எல்லாவற்றையும்விடப் பெரியது. மூன்று லட்சத்தை ரொக்கமாகக் கேட்டார்கள், கொடுத்தேன். பில்லில் "பண்ணை இயந்திரம், உதிரிபாகங்களுடன்" என்று மட்டும் இருந்தது. சேசிஸ் எண் இல்லை, எஞ்சின் எண் இல்லை, தயாரித்த ஆண்டு இல்லை. இறக்குமதி வண்டி என்றால் சுங்கத்துறையின் பில் ஆஃப் என்ட்ரி (இறக்குமதிப் பத்திரம்) நகலைக் கேளுங்கள். அதிலுள்ள எண்ணும் சட்டத்தில் பொறித்துள்ள எண்ணும் ஒன்றா என்று நீங்களே விரலால் தடவிப் பாருங்கள். ஓடிய மணி நேரத்தையும் ஃபோர் வீல் டிரைவ் வேலை செய்கிறது என்பதையும் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். எழுதித் தர மறுத்தால் முன்பணம் கொடுக்காதீர்கள்.

ஏமாந்தவர்கள் வாய்மூடி இருக்க வேண்டியதில்லை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் பதிவு செய்தேன். அதில் தீராததால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போனேன். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, விற்றவர் சென்னையில் இருந்தாலும் நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். மாநில எல்லை குறுக்கே நிற்காது. இரண்டு ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும். "தோப்புக்கு வாங்கியது வணிக நோக்கம், இவர் நுகர்வோரே இல்லை" என்று எதிர்த்தரப்பு எழுதிக் கொடுத்திருக்கிறது. சொந்த உழைப்பில் பிழைப்பு நடத்த வாங்கிய பொருளுக்கு அந்த விலக்கு பொருந்தாது என்று சட்டத்திலேயே விளக்கம் இருக்கிறது. எங்கள் வழக்கறிஞர் அதைத்தான் வாதிடுகிறார்.

பெரியவர் இப்போதும் வலது கையைத் தோளுக்கு மேல் உயர்த்துவதில்லை. தோப்புக்கு வருகிறார், நிழலில் உட்கார்ந்து மற்றவர்களுக்கு வேலை சொல்கிறார். வண்டி தகரக் கொட்டகையில் நிற்கிறது. பிய்ந்து வந்த அந்தத் தகட்டைப் பழைய வேட்டித் துணியில் சுற்றி பீரோவில் வைத்திருக்கிறேன். விரலால் அழுத்தினால் உதிர்ந்துவிடும் நிலையில் இருக்கிறது. அடுத்த வாய்தாவில் ஆணையத்தின் மேசைமேல் அதை முழுசாக வைக்க வேண்டும்.