பழைய குத்துச்சண்டைப் படங்களை யூடியூபில் பார்ப்பது: ‘செட்டிங்’ தெரியுமா, தெரியாதா?

வேலூர், காட்பாடி, சத்துவாச்சாரி பக்கம் குத்துச்சண்டை பழகும் பையன்களுக்கு யூடியூப் ஒரு பெரிய புதையல். நூறு வருஷத்துக்கு முந்தைய சண்டைகளைக் காசில்லாமல் பார்க்கலாம். ஆனால் பாதிப் படங்களுக்கு மேலே “செட்டிங், காசு வாங்கிக்கொண்டு விழுந்தான்” என்று தலைப்பு ஒட்டியிருக்கும். பார்க்கும் முறை தெரியாமல் பார்த்தால் எல்லாச் சண்டையும் நாடகமாகத்தான் தெரியும்.

முதல் கோளாறு வேகம். பேசாப்படக் காலத்தில் கேமராவைக் கையால் சுற்றினார்கள். நொடிக்கு ஏறக்குறைய 16 பிரேம். அதை அப்படியே 24 பிரேமில் ஓட்டிப் பதிவேற்றினால் ஒன்றரை மடங்கு வேகம் கூடிவிடும். குத்தில் கனமே தெரியாது. அடி வாங்குபவர் தானாகச் சரிந்தது போல இருக்கும். இதைச் சரிசெய்ய ஒரு கணக்கு போதும். வெட்டுப்படாத ஒரு ரவுண்டை, இருவரும் மூலையை விட்டு எழுவதிலிருந்து திரும்பப் போய் உட்காரும் வரை நொடியில் அளந்து, 180 ஆல் வகுங்கள் (ஒரு ரவுண்டு மூன்று நிமிடம், அதாவது 180 நொடி). 120 நொடி வந்தால் விடை 0.67, வேகத்தை 0.65-இல் வையுங்கள். முழு ரவுண்டு எங்கேயும் இல்லை என்றால் அந்தப் பதிவை வைத்து யாரையும் குற்றம் சொல்லாதீர்கள். சில பதிவுகள் கண்ணாடிப் பிம்பம் போலத் திருப்பப்பட்டிருக்கும். இடக்கை முன்னே வைப்பவர் வலக்கையை முன்னே வைத்திருந்தால் சந்தேகப்படுங்கள். பேசாப்படத்தில் ‘தொம்’ என்று குத்துச் சத்தம் கேட்டால் அது பிறகு சேர்த்தது. ஒலியை அணைத்துவிடுங்கள்.

இந்தச் சேவையின் உண்மையான பலம் 1965 மே 25, அமெரிக்காவின் லூயிஸ்டன் ஊரில் நடந்த சண்டையில் தெரியும். முகமது அலி முதல் ரவுண்டிலேயே சன்னி லிஸ்டனை வீழ்த்தியது. ஒலியோடு எடுத்த படம் என்பதால் வேகக் குழப்பம் கிடையாது. கம்ப்யூட்டரில் நிறுத்திவிட்டு, காற்புள்ளி, முற்றுப்புள்ளி விசைகளால் பிரேம் பிரேமாக நகர்த்துங்கள். அலியின் கையை விடுங்கள், லிஸ்டனின் இடது காலைப் பாருங்கள். ஜாப் (முன்கையால் நேராகக் குத்தும் குத்து) போட்டு உடம்பு முன்னே சாய்ந்திருக்கும்போது அலியின் வலக்கைக் குத்து மேலே இறங்குகிறது. எடை தாங்கிய அந்தக் கால் தரையை விட்டு எழும்புகிறது. குத்து பட்டதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். அந்த ஒரு குத்துக்கு அவ்வளவு நேரம் கிடக்க வேண்டியிருந்ததா என்பது வேறு கேள்வி. அலி நியூட்ரல் கார்னருக்கு (யாருக்கும் சொந்தமில்லாத மூலைக்கு) போகாமல் மேலே நின்று கத்துகிறார், ரெஃப்ரி ஜெர்சி ஜோ வால்காட் விழுந்தவருக்குப் பத்து வரை எண்ணும் கவுண்ட்டையே எடுக்கவில்லை, எழுந்த லிஸ்டன் மறுபடி சண்டை போடுகிறார், அதற்குப் பிறகுதான் நிறுத்துகிறார்கள். அறிவித்த நேரம் 1:00. நீங்களே அளந்தால் 2:12 பக்கம் வரும். நிர்வாகக் குளறுபடியைச் சதி என்று படிப்பது எவ்வளவு சுலபம் என்று இதில் புரியும்.

1915 ஏப்ரல் 5, ஹவானா. ஹெவிவெயிட் சாம்பியன் ஜாக் ஜான்சன் 26-வது ரவுண்டில் ஜெஸ் வில்லார்டிடம் விழுந்தார். கீழே கிடந்தபடி கையால் கண்ணுக்கு நிழல் பிடிப்பது போன்ற புகைப்படம் உலகப் பிரசித்தம். காசுக்கு விழுந்ததாக ஜான்சனே பிறகு சொன்னார். படத்தில் கடைசி நொடியை மட்டும் பார்க்காதீர்கள், 20-வது ரவுண்டிலிருந்து கால்களைப் பாருங்கள். 37 வயதுக்காரர், ஆறரை அடி ஆளோடு, கூரையில்லாத மைதானத்தில். வேலூர் கத்திரி வெயிலில் ஆறு ரவுண்டு பை குத்தியவருக்கு 26 ரவுண்டு என்ன செய்யும் என்று தெரியும். விழுவதற்குக் காசு வாங்கியவர் 25 ரவுண்டு காத்திருக்கத் தேவையில்லை. என் கணக்கில் அது ஓய்ந்து விழுந்த வீழ்ச்சிதான்.

1900 டிசம்பர் 13, சிகாகோவில் ஜோ கான்ஸ் இரண்டாவது ரவுண்டில் டெர்ரி மெக்கவர்னிடம் தோற்ற படம் நேர் எதிர். வேகத்தைக் குறைத்துப் பார்த்தாலும் கான்ஸ் தன் வேலையைச் செய்யவில்லை. அந்தச் சண்டைக்குப் பின் சிகாகோவில் குத்துச்சண்டைக்கே தடை வந்தது.

ஆனால் படம் தராத ஒன்று உண்டு: பணம் கைமாறிய தடம். 1947 நவம்பர் 14, பில்லி ஃபாக்ஸிடம் ஜேக் லமோட்டா நான்காவது ரவுண்டில் நின்றபடியே தோற்றார். சண்டைக்கு முன் பந்தயப் பணம் ஃபாக்ஸ் பக்கம் சாய்ந்தது. அது செட்டிங் என்று உறுதியானது 1960-இல், அமெரிக்க செனட் குழு முன் லமோட்டா வாயாலேயே ஒப்புக்கொண்டபோது. ஃபாக்ஸின் மேனேஜர் பிளிங்கி பலெர்மோ. பின்னாளில் லிஸ்டனுக்குப் பின்னால் இருந்தவர்களில் அவரும் ஒருவர். லிஸ்டன் மேல் சந்தேகம் இன்றுவரை ஓயாததற்கு அந்தப் பெயரும் ஒரு காரணம். இந்தத் தொடர்பை எந்தப் பதிவின் தலைப்பும் சொல்லித் தராது.

போனில் பிரேம் நகர்த்த முடியாது, அதனால் கம்ப்யூட்டர் வேண்டும். மூலப் படமே மங்கல் என்பதால் 480p தரம் போதும், டேட்டா மிஞ்சும். முதலில் லிஸ்டன் படத்தில் கண்ணைப் பழக்குங்கள், பிறகு கான்ஸ், கடைசியில் ஹவானா.