மணியை இரவு தங்கவிட்ட ஆறு ஆண்டுகள்

மணி ஒரு சிப்பிப்பாறை நாய். வயது ஏழு. ஒரு வயதிலிருந்தே, நாங்கள் ஊருக்குப் போகும்போதெல்லாம் அவனைப் போர்டிங்கில், அதாவது காசு வாங்கி நாய்களைத் தங்கவைத்துப் பார்த்துக்கொள்ளும் இடத்தில், விட்டுச் செல்கிறோம். பொங்கல், கோடை விடுமுறை, கல்யாணம், கருமாதி என்று ஆண்டுக்கு நான்கைந்து தடவை. ரயிலில் கூட்டிப் போகலாமே என்று கேட்பவர்கள் உண்டு. நாயை உடன் வைத்துக்கொள்ள முதல் வகுப்பு ஏசியில் கூபே எனப்படும் தனி அறை முழுவதையும் எடுக்க வேண்டும். இல்லையென்றால் ரயில் கார்டு பயணிக்கும் பெட்டியில் இருக்கும் கூண்டு. குக்கர் விசிலுக்கே கட்டிலுக்கு அடியில் ஒடுங்குகிறவனை அதில் ஏற்ற எனக்கு மனம் வரவில்லை.

முதல் இரண்டு ஆண்டுகள் தாம்பரத்துக்கு அப்பால் ஒரு பெரிய இடத்தில் விட்டோம். ஏசி அறை, நீச்சல் தொட்டி, போனில் பார்க்கக் கேமரா. ஓர் இரவுக்கு 900 ரூபாய். பகலில் பார்த்தால் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஒருமுறை பயணம் பாதியில் முடிந்து, விடியற்காலை ஐந்து மணிக்கே அங்கே போய் நின்றேன். கேட் பூட்டியிருந்தது. உள்ளே அத்தனை நாய்களும் குரைத்தும் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. பக்கத்து மனையின் காவலாளிதான் சொன்னார்: "ராத்திரி எட்டு மணிக்கு எல்லாரும் போய்விடுவார்கள் சார். ஆறரைக்கு வந்துதான் திறப்பார்கள்."

ஆறே முக்காலுக்கு மணியைப் பார்த்தேன். வீட்டுக்குள் ஒருநாளும் அசுத்தம் செய்யாதவன், தான் கழித்ததை மிதித்துவிடாமல் அறையின் மூலையில் நான்கு கால்களையும் ஒடுக்கி நின்றுகொண்டிருந்தான். பத்தரை மணி நேரம். கேமரா இருக்கிறது என்று நிம்மதியாகத் தூங்கிய என்னைத்தான் திட்டிக்கொள்ள வேண்டும். ராத்திரி இங்கே யார் படுத்திருப்பார்கள் என்று நான் கேட்கவே இல்லை.

அதன் பிறகு கிடைத்தவர் சேலையூர் பக்கம் தன் வீட்டிலேயே நாய்களை வைத்துப் பார்த்துக்கொள்ளும் ஓர் அக்கா. ஒரு நேரத்தில் நான்கு நாய்கள்தான். ஏசி கிடையாது. கூடத்தில் பாய் விரித்து நாய்களோடு அவரே படுத்துக்கொள்கிறார். வெறிநாய்க்கடி ஊசியும் மற்ற தடுப்பூசிகளும் போட்ட சான்றைக் காட்டாமல் உள்ளே விடமாட்டார். அதோடு, முதலில் ஒரு பகல், அடுத்த வாரம் ஓர் இரவு, பிறகுதான் மூன்று நாள் என்றார். அப்போது எரிச்சலாக இருந்தது. ஆனால் முதல் இரவு மணி சாப்பிடவில்லை, இரண்டாம் தடவை பாதி சாப்பிட்டான், மூன்றாம் தடவை தட்டை நக்கிவிட்டான்.

சாப்பாட்டில்தான் ஒரு சிக்கல். சிப்பிப்பாறைக்குக் கடைசி விலா எலும்புகள் தெரிவது இயல்பு. பார்க்கிறவர்களுக்கோ பட்டினி போட்டதுபோல் தோன்றும். அக்காவும் பரிதாபப்பட்டு ஒரு கரண்டி கூடுதலாகப் போட்டு, இரண்டு நாள் வயிற்றுப்போக்கு. அதிலிருந்து கோழியும் சோறும் வேளைக்கு ஒரு டப்பா என்று அளந்து, உறையவைத்துக் கொடுத்தனுப்புகிறேன். நெஞ்சு ஆழமான இனம், வயிறு முறுக்கிக்கொள்ளும் அபாயம் உண்டு என்பதால் சாப்பிட்டதும் ஓடவிடக் கூடாது என்பதையும் டப்பா மூடியில் எழுதி ஒட்டியிருக்கிறேன்.

அங்கேயும் ஒரு தடவை சங்கடம் வந்தது. கூட்டிவரும்போதே, "காதுக்குள் இரண்டு உண்ணி எடுத்தேன், கவனித்துக்கொள்ளுங்கள்" என்று அவராகவே சொன்னார். இரண்டு வாரத்தில் காய்ச்சல், ஈறு வெளுத்துவிட்டது, ரத்தப் பரிசோதனையில் தட்டணுக்கள் (பிளேட்லெட்) குறைந்திருந்தன. உண்ணிக் காய்ச்சல். டாக்ஸிசைக்ளின் 28 நாள். உண்ணி அங்கே ஏறியதா, எங்கள் தெருவிலேயே ஏறியதா, யார் சொல்ல முடியும்? அவர் மறைத்திருந்தால் வெயில் சோர்வு என்று நானும் விட்டிருப்பேன். உண்ணி தன் வாழ்நாளில் பெரும்பகுதியை நாயின் மேல் கழிப்பதில்லை, சுவர் வெடிப்பிலும் கதவிடுக்கிலும்தான் பதுங்கியிருக்கும் என்று மருத்துவர் சொன்னார். அடுத்த தடவை போனபோது அக்கா கூடத்துச் சுவர் விரிசல்களைச் சிமெண்ட் பூசி அடைத்திருந்தார். இப்போது எந்த இடத்தைப் பார்க்கப் போனாலும் என் கண் முதலில் சுவரின் அடிப்பகுதிக்குத்தான் போகிறது.

அக்காவிடமும் குறை இல்லாமல் இல்லை. போட்டோ அனுப்பச் சொன்னால் மறந்துவிடுவார். தீபாவளிக்கு நாய்களை எடுப்பதே இல்லை. வெடிச் சத்தத்தில் மிரண்ட நான்கு நாய்களை ஒரே கூடத்தில் சமாளிக்க முடியாது என்கிறார், நியாயம்தான். பொங்கலுக்கு இடம் வேண்டுமென்றால் கார்த்திகையிலேயே சொல்லிவைக்க வேண்டும். இந்த முறை நான் மறந்துவிட்டேன். மனைவியும் மகளும் ஊருக்குப் போகிறார்கள். மணிக்கும் எனக்கும் பொங்கல் இங்கேதான்.