கிளச்சா, கியர்பொக்ஸா? எட்டு வருடம் ஓட்டிப் படித்தது

மட்டக்களப்புக் கல்லடியிலிருந்து கல்முனைக்கு வேலைக்குப் போய்வர 2016இல் பழைய 800 சிசி மெனுவல் கார் ஒன்று வாங்கினேன். இதுவரை 120,000 கிலோமீற்றர் ஓடியாயிற்று. இஞ்சின் பெரிதாகத் தொல்லை தந்ததில்லை. என்னை அலைய வைத்ததெல்லாம் கிளச்சும் கியரும்தான்.

வாங்கி இரண்டாம் வருடம், வீட்டு வாசலில் ரிவர்ஸ் போட்டால் 'கரக்' என்று பல் கடித்தது. பிறகு பிரேக் பிடித்து நிற்கும் இடங்களில் முதலாம் கியரும் விழ மறுத்தது. ஒரு கராஜில் காட்டினேன். ஓட்டிக்கூடப் பார்க்காமல் கியர்பொக்ஸை இறக்க வேண்டும் என்றார்கள். மனம் கேட்கவில்லை. காத்தான்குடியில் எனக்குப் பழக்கமான ஒரு மெக்கானிக் நானாவிடம் கொண்டுபோனேன்.

"தம்பி, இஞ்சினை நிப்பாட்டிப்போட்டு ஒவ்வொரு கியரா போட்டுப் பாருங்க" என்றார். ஐந்து கியரும் ரிவர்ஸும் சத்தமில்லாமல் விழுந்தன.

"அப்ப கியர்பொக்ஸில என்ன குத்தம்? கிளச்தான் முழுசா விடுதில்ல."

இஞ்சின் சுழற்சியைக் கியர்பொக்ஸுக்குக் கடத்துவது கிளச் பிளேட். பெடலை அடிவரை மிதித்தாலும் அது விலகாமல் உரசிக்கொண்டிருந்தால், கியர்பொக்ஸுக்குள் தண்டு சுற்றிக்கொண்டே இருக்கும். முன் கியர்களுக்கு வேகத்தைச் சமப்படுத்தும் சிங்ரனைசர் உண்டு. பெரும்பாலான கார்களில் ரிவர்ஸுக்கு அது கிடையாது. அதனால்தான் ரிவர்ஸ் முதலில் கத்துகிறது.

நானா பெடலுக்கு மேலே டோர்ச் அடித்துக் காட்டினார். பெடலிலிருந்து கிளச்சை இழுக்கும் கேபிளின் முனையில் கம்பி இழைகள் பாதிக்கு மேல் அறுந்து, விளக்குமாற்று ஈர்க்குப் போல விரிந்து நின்றன. எல்லாம் செந்துரு. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவில் எங்கள் வீடு. உப்புக்காற்று சும்மா விடுமா? புதுக் கேபிள் போட்டு, பெடலில் ஒரு விரற்கடை இளக்கம், அதாவது கேபிள் இழுபடுமுன் பெடல் சும்மா இறங்கும் தூரம், வைத்துத் தந்தார். அரை மணித்தியால வேலை. இதற்கா கியர்பொக்ஸை இறக்கப் பார்த்தார்கள் என்று இப்போதும் வயிறு எரிகிறது.

அடுத்தது இதற்கு நேர்மாறு. செங்கலடியிலிருந்து பதுளை வீதியில் போய், பிபிலை தாண்டி லுணுகலைப் பக்கம் ஏறும்போது மூன்றாம் கியரில் இஞ்சின் இரைந்தது, வண்டி நகரவில்லை. கருகல் மணம் வேறு. எங்கள் கரையோர வீதிகள் தட்டையானவை, அங்கே கிளச் வழுக்குவது மாதக்கணக்காகத் தெரியவே தெரியாது. ஆனால் பெடல் முன்பே சொல்லியிருந்தது: காலை மேலே தூக்கிய பிறகுதான் வண்டி பிடிக்கத் தொடங்கியது, இளக்கமும் இல்லாமல் போயிருந்தது. நான்தான் கவனிக்கவில்லை.

சந்தேகம் இருந்தால் சமதரையில், முன்னால் ஆளில்லாத இடத்தில் ஹேண்ட் பிரேக்கை இழுத்து, மூன்றாம் கியரில் மெல்ல ரேஸ் கொடுத்துக் கிளச்சை விடுங்கள். இஞ்சின் உடனே நின்றால் கிளச் நல்லது. நிற்காமல் இரைந்தால் வழுக்குகிறது. ஒரு தடவை போதும், திரும்பத் திரும்பச் செய்தால் பிளேட் கருகும். என்னுடையதில் பிளேட் ரிவெட் வரை தேய்ந்திருந்தது. பிளேட்டை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டையும், பெடலை மிதிக்கும்போது அதை விடுவிக்கும் ரிலீஸ் பெயாரிங்கையும் சேர்த்தே மாற்றினேன். கழற்றிப் பூட்டும் கூலி ஒன்றுதானே.

பெயாரிங் சத்தத்துக்கும் ஒரு கணக்குண்டு. பெடலை மிதிக்கும்போது கீச்சிட்டால் ரிலீஸ் பெயாரிங். நியூட்ரலில் இரைந்து, மிதித்ததும் அடங்கினால் கியர்பொக்ஸுக்குள் இருக்கும் பெயாரிங். ஒரேயொரு கியர் மட்டும் ஓட்டத்தில் கடித்தால் அந்தக் கியரின் சிங்ரனைசரைத்தான் பார்க்க வேண்டும்.

ஒரு மாரியில் வெள்ளத்துக்குள் ஓட்டிய பிறகு, இஞ்சினை நிறுத்தியும் கியர் இறுக்கமாகவே விழுந்தது. கியர்பொக்ஸின் அடியில் ஒயில் வடிக்கும் டிரெயின் நட்டைத் திறந்தால் ஒயில் பால் தேத்தண்ணி நிறத்தில் வந்தது. தண்ணீர் புகுந்துவிட்டது. புது ஒயில் ஊற்றி, சில நாள் ஓட்டி, மறுபடியும் மாற்றிய பிறகுதான் இளகியது. கண்ட ஒயிலை ஊற்றாதீர்கள், கைநூலில் ஜிஎல்-4 (கியர் ஒயிலின் ஒரு தரம்) என்று போட்டிருந்தால் அதையே வாங்குங்கள்.

இந்த மாரியிலும் இரண்டு தடவை வெள்ளத்துக்குள் இறக்கியாயிற்று. வருகிற சனிக்கிழமை நட்டைத் திறந்து பார்க்க வேண்டும்.