ஃபயர்வால் அப்டேட் என்று வந்து 23,600 ரூபாய் வாங்கிப் போனார்கள்: சின்ன ஆபீஸ் வைத்திருப்பவர்கள் கவனம்

இலவச மென்பொருளுக்கு மூன்று வருஷ லைசென்ஸ் என்று சொல்லி என்னிடம் 23,600 ரூபாய் வாங்கிவிட்டார்கள். திருப்பித் தர மாட்டார்களாம். சேவை முடிந்துவிட்டதாம். இன்று காலைதான் அவர்களுடைய கடைசிப் பதில் வந்தது, அந்தச் சூட்டோடு எழுதுகிறேன். பழைய கம்ப்யூட்டரில் பிஎஃப்சென்ஸ் (நெட்டுக்கும் ஆபீஸ் கம்ப்யூட்டர்களுக்கும் நடுவே காவல் நிற்கிற ஃபயர்வால் மென்பொருள்) போட்டு ஆபீஸ் ஓட்டுகிறவர்கள் முழுசாகப் படியுங்கள். எப்படித் தப்பிப்பது என்பதைக் கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

எந்த ஆப் என்று பெயர் போடவில்லை. புகார் நிலுவையில் இருப்பதால் வக்கீல் நண்பர் வேண்டாம் என்கிறார். ஏசி ரிப்பேர், கரையான் மருந்து, கம்ப்யூட்டர் சர்வீஸ் என்று எல்லாவற்றுக்கும் வீடு தேடி ஆள் அனுப்புகிற ஆப்களில் ஒன்று. அவ்வளவு போதும்.

திருப்பூரில் ஜிஎஸ்டி, வருமான வரிக் கணக்குப் பார்க்கும் சின்ன ஆபீஸ் என்னுடையது. இருக்கிற கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் முன்னால் ஒரு பழைய டெஸ்க்டாப்பை வைத்து, அதில் இன்னொரு நெட்வொர்க் கார்டு செருகி, அக்கா மகன்தான் பிஎஃப்சென்ஸ் போட்டுக் கொடுத்தான். அவன் இப்போது பெங்களூரில் வேலையில் இருக்கிறான். போட்ட நாளிலிருந்து ஒரு தொந்தரவு கிடையாது. டேஷ்போர்டைத் திறந்தால் 2.7.2 என்று இருக்கும். அதற்குக் கீழே பச்சை எழுத்தில் 'தி சிஸ்டம் இஸ் ஆன் தி லேட்டஸ்ட் வெர்ஷன்'. அதற்கும் கீழே பொடி எழுத்தில், கடைசியாக எப்போது சரிபார்த்தது என்று தேதியும் நேரமும். பெரும்பாலும் அன்றைய தேதியே இருக்கும். இதற்கு மேல் ஒரு மனுஷன் என்னத்தைப் பார்ப்பது?

வினை ஒரு படிவத்தில் வந்தது. எங்களிடம் கணக்குக் கொடுக்கும் எக்ஸ்போர்ட் கம்பெனி ஒன்று, வெளிநாட்டு பையர் கேட்கிறார் என்று, பாதுகாப்பு விவரம் கேட்டுப் படிவம் அனுப்பியது. ஃபயர்வால் எது, என்ன வெர்ஷன், அது புதியதா? 2.7.2, புதியதுதான் என்று எழுதி அனுப்பினேன். அவர்களுடைய ஐடி ஆள் உடனே போன் செய்துவிட்டார். "சார், 2.7.2 வந்தது 2023 டிசம்பர்ல. 2025 மே மாசமே 2.8.0 வந்துருச்சு, செப்டம்பர்ல 2.8.1. அப்டேட் பண்ணிட்டு ஸ்கிரீன்ஷாட் அனுப்புங்க."

பச்சை எழுத்தை நம்புவதா, அவரை நம்புவதா? அக்கா மகனுக்குப் போன் போட்டால் எடுக்கவில்லை, அவனுக்கு ஏதோ நைட் ஷிப்ட். எனக்கோ 3பி என்கிற ஜிஎஸ்டி மாதக் கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டிய 20ஆம் தேதி நெருங்குகிறது, ஆபீஸே அதில் மூழ்கிக் கிடக்கிறது. சரி, ஆளைக் கூப்பிட்டு முடித்துவிடலாம் என்று ஆப்பில் புக் செய்தேன். விசிட்டிங் சார்ஜ் 299 ஆப்பிலேயே கட்டியாயிற்று.

வந்த பையனைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வராது. ஆப் பெயர் போட்ட டிஷர்ட், கழுத்தில் அடையாள அட்டை. ஷூவை வெளியே கழற்றி வைத்தான். ஃபயர்வால் பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைத் திருகு கழற்றித் திறந்தான். நான் கேட்கவே இல்லை. பையிலிருந்து ஒரு இன்ச் பெயின்ட் பிரஷ் எடுத்து, ஃபேன் இறக்கை ஒவ்வொன்றாகத் துடைத்தான். "பஞ்சுத் தூசிங்ண்ணா, திருப்பூர்ல எந்த மெஷினைத் திறந்தாலும் இப்படித்தான்" என்றான். விழுந்ததை ஒரு பேப்பரில் சேர்த்து, மடித்து, வெளியே கொண்டுபோய்க் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு வந்தான். என் ஸ்டாஃப் இரண்டு பேர் "நல்ல பையன் சார்" என்றார்கள். பைசா பேசுவதற்கு முன்பே இந்த வேலையைச் செய்கிறவன் ஏமாற்றுவான் என்று எவனுக்குத் தோன்றும்?

அப்புறம் திரையைப் பார்த்தான். பச்சை எழுத்தைக் காட்டிச் சிரித்தான். "இது தப்பாக் காட்டுதுங்ண்ணா." தன் போனில் பிஎஃப்சென்ஸ் பக்கத்தைத் திறந்து என் முன் நீட்டினான். 25.07 என்று இருந்தது. "உங்களுது இன்னும் ரெண்டுலயே நிக்குது. வெளிய இருபத்தஞ்சு ஓடிட்டிருக்கு. லைசென்ஸ் முடிஞ்சுட்டா சர்வர்ல இருந்து தகவல் வராதுங்ண்ணா. அப்போ பழசையே புதுசுன்னு காட்டிட்டே இருக்கும்."

எவ்வளவு கச்சிதமான பொய் பாருங்கள். டேஷ்போர்டு தப்பாகக் காட்டுகிறது என்பது நிஜம். 25.07 என்ற எண்ணும் நிஜம். நடுவில் லைசென்ஸ் என்ற ஒன்றைச் செருகினான், அவ்வளவுதான். ஐடி ஆள் சொன்னதோடும் எல்லாம் பொருந்திப் போயிற்று.

மூன்று வருஷ லைசென்ஸ் 20,000. ஜிஎஸ்டி 18 சதவீதம், 3,600. மொத்தம் 23,600. "வருஷத்துக்கு எட்டாயிரம்கூட இல்லைங்ண்ணா." லைசென்ஸுக்கு ஆப்பில் வழி இல்லையாம், வெண்டருக்கு நேராக யுபிஐயில் போட வேண்டுமாம். திரையில் ஏதோ சிஸ்டம்ஸ் என்று கடைப் பெயர் வந்தது. அனுப்பினேன்.

டீ வந்தது. அவன் மவுஸைப் பிடித்து என்னவோ இரண்டு மூன்று சொடுக்குச் சொடுக்கினான். பெட்டி தானாக நிறைய இறக்கி, அணைந்து, மறுபடி எழுந்து 'பீப் பீப்' என்றது. டேஷ்போர்டில் 2.8.1, பச்சை எழுத்து. 25 எங்கே தம்பி என்றேன். "லைசென்ஸ் சர்வர்ல ஏறணும்ங்ண்ணா, ராத்திரி தானா மாறிடும். ஓடிபி வந்திருக்கும், சொல்லுங்க." சொன்னேன். வேலை முடிந்தது என்று ஆப் நன்றி தெரிவித்தது.

ராத்திரி எதுவும் மாறவில்லை. மறுநாளும் இல்லை. அக்கா மகன் ஒருவழியாகத் திருப்பிக் கூப்பிட்டு, தூரத்திலிருந்தே உள்ளே நுழைந்து பார்த்தான். "மாமா, உங்ககிட்ட இருக்கிறது கம்யூனிட்டி எடிஷன். அதுக்கு லைசென்ஸ் பணம்னு ஒண்ணு கிடையவே கிடையாது."

அவன் சொன்னதைச் சொல்கிறேன், கேளுங்கள். பிஎஃப்சென்ஸில் இரண்டு தனித்தனி வகை. நம்மைப் போன்றவர்கள் சும்மா இறக்கிப் போடுவது கம்யூனிட்டி எடிஷன், அதன் எண் 2.7, 2.8 என்று போகும். இன்னொன்று பிளஸ். அதன் எண் வருஷமும் மாதமும்: 25.07 என்றால் 2025 ஜூலை. இருபத்தைந்தாவது வெர்ஷன் என்று அர்த்தமே இல்லை! சொந்தக் கம்ப்யூட்டரில் பிளஸ் வேண்டுமானால் சந்தா கட்ட வேண்டும், அது நியாயம். அதையாவது உண்மையிலேயே வாங்கிப் போட்டிருந்தால் எனக்கு இவ்வளவு ஆத்திரம் வராது. போட்டதோ அதே இலவசப் பதிப்பின் அடுத்த வெர்ஷன்.

பச்சை எழுத்து ஏன் அப்படிக் காட்டியது? அப்டேட் பக்கத்தில் 'பிராஞ்ச்' என்று ஒரு தேர்வு இருக்கிறது. அதில் எந்த வரிசை தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறதோ அதற்குள்தான் ஒப்பிட்டுப் பார்க்கும். என்னுடையது 2.7.2 வரிசையிலேயே நின்றுவிட்டது. அந்த வரிசையில் கடைசி 2.7.2தான், அதனால் நீ புதிதாகத்தான் இருக்கிறாய் என்று சத்தியம் செய்கிறது. 2.8 வரிசையைத் தேர்ந்தெடுத்தால் உடனே அப்டேட் கண்ணில் படும். அந்தப் பையன் செய்தது இதுதான். ஒரு பட்டியலில் ஒரு வரியை மாற்றியதற்கு 23,600 ரூபாய்!

செட்டிங் மாற்றங்கள் எல்லாம் பேக்கப் பக்கத்தில் 'கான்ஃபிக் ஹிஸ்டரி'யில் பதிவாகின்றன. பிராஞ்ச் மாற்றியது அங்கே இருக்கிறது, டீ வந்த நேரத்தில். அதற்கு மேலே இருந்ததைப் பார்த்தபோதுதான் எனக்கு வேர்த்துவிட்டது. புதிதாக ஒரு யூசர், அட்மின் உரிமையோடு. வெளியிலிருந்து டேஷ்போர்டைத் திறக்க வேன் (WAN, அதாவது இணையம் உள்ளே வரும்) பக்கம் ஒரு அனுமதி விதி. எங்கள் ஆபீஸில் இருப்பது அத்தனையும் ஊராருடைய பான் எண், வங்கி ஸ்டேட்மென்ட், வரி பாஸ்வேர்டு. அக்கா மகன் இரண்டையும் உடனே நீக்கினான். அன்று சாயங்காலம் முழுக்க பாஸ்வேர்டு மாற்றுவதிலேயே போயிற்று.

இனி அலைக்கழிப்பு. பையனுக்குப் போன் செய்தால் முதலில் "பிராசஸ்ல இருக்குங்ண்ணா". அடுத்து "வண்டி ஓட்டிட்டிருக்கேன், கூப்பிடுறேன்". அதன் பிறகு ரிங் போகிறது, எடுப்பதில்லை. வாட்ஸ்அப்பில் நீல டிக் மட்டும் விழும். அந்த யூசர் எதற்கு என்று கேட்டதற்கு வந்த ஒரே பதில்: "சப்போர்ட்டுக்காகங்ண்ணா."

பில் கேட்டுக் கேட்டு ஒரு படம் அனுப்பினான். ஜிஎஸ்டி பில் என்று ஒரு ஜிஎஸ்டி ஆபீஸுக்கே அனுப்புகிறான்! அதில் ஜிஎஸ்டி எண் 29இல் தொடங்குகிறது. 29 கர்நாடகா, நமக்கு 33. கர்நாடகக் கடை தமிழ்நாட்டுக்கு விற்றால் ஐஜிஎஸ்டி போட வேண்டும். இதில் ஒரே மாநிலத்துக்குள் விற்றது போல சிஜிஎஸ்டி 9, எஸ்ஜிஎஸ்டி 9 என்று பிரித்துப் போட்டிருக்கிறார்கள். போர்ட்டலில் அந்த எண்ணைத் தேடினால் பதிவு ரத்து என்று வருகிறது. ஆக வரி என்று வாங்கிய 3,600 எந்த அரசாங்கத்துக்கும் போகவில்லை, அவர்கள் சட்டைப் பையில்தான்.

ஆப்பின் சாட்டில் முதலில் ஒரு ரோபோ. அப்புறம் மனிதப் பெயரில் இன்னொரு ரோபோ. உங்கள் சிரமம் எங்களுக்குப் புரிகிறது என்று ஒவ்வொரு தடவையும் ஆரம்பிக்கும். போனில் பேசிய அம்மணி, "வெர்ஷன் அப்டேட் ஆகியிருக்கே சார், அப்போ சர்வீஸ் கிடைச்சிருச்சுதானே" என்றார். ஓடிபி கொடுத்ததால் வேலை திருப்தி என்று பதிவாகிவிட்டதாம். 23,600 ஆப்புக்கு வெளியே போனதால் அவர்கள் பொறுப்பில்லையாம். உங்கள் டிஷர்ட் போட்டு, உங்கள் அட்டை மாட்டி வந்த ஆள்தானே என்றேன். லைன் கட். 299க்குக் கூப்பன் தருகிறார்களாம், அடுத்த புக்கிங்கில் கழித்துக்கொள்ளலாமாம்.

இன்று காலை வந்த மெயில் எல்லாவற்றுக்கும் மேல். நான் வணிக வாடிக்கையாளராம், நுகர்வோர் சட்டம் எனக்குப் பொருந்தாதாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வணிக நோக்கத்துக்கு வாங்கியதை விலக்குகிறது, வாஸ்தவம். ஆனால் சுயதொழிலாகப் பிழைப்புக்குப் பயன்படுத்துவது அந்த விலக்கில் வராது என்று அதே பிரிவின் விளக்கத்தில் இருக்கிறது. பாதியைப் படித்துவிட்டு எனக்குச் சட்டம் சொல்கிறார்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்துவிட்டேன். மாவட்ட ஆணையத்துக்கும் போவேன். ஐந்து லட்சம் வரை அங்கே கட்டணம் கிடையாது. வெளியிலிருந்து உள்ளே வர வழி வைத்ததற்கு சைபர் கிரைம் 1930இலும் சொல்லியாயிற்று.

விவரமாகச் சொல்கிறேன் என்றேன், எக்ஸ்போர்ட் கம்பெனிக்காரர் வேறு படிவம் எங்கே என்று கேட்டுக்கொண்டிருக்கிறார், சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன். பச்சை எழுத்தை மட்டும் நம்பாதீர்கள், அப்டேட் பக்கத்தில் பிராஞ்ச் எதில் நிற்கிறது என்று பாருங்கள். அப்டேட்டே கண்ணில் படவில்லை என்றால் பெட்டியின் கடிகாரமும் டிஎன்எஸ்ஸும் (இணையதளப் பெயரை வைத்து முகவரி தேடும் அமைப்பு) சரியா என்று பாருங்கள். 2.7.0இலேயே மாட்டிக்கொண்டவர்களுக்கு கமாண்ட் பக்கத்தில் 'செர்ட்சிடிஎல் ரீஹேஷ்' (certctl rehash) என்று ஒரு வரி ஓட்டினால் போதுமாம், அதுவும் இலவசம். தொடுவதற்கு முன் செட்டிங் எல்லாம் இருக்கும் கான்ஃபிக் ஃபைலை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். கம்யூனிட்டி எடிஷனுக்கு லைசென்ஸ் என்று எவன் சொன்னாலும் வாசலைக் காட்டுங்கள். ஆப்புக்கு வெளியே பணம் போடாதீர்கள். வேலை முடிந்ததும் யூசர் பட்டியலையும் வேன் விதிகளையும் பார்த்துவிட்டுத்தான் ஓடிபி.

அந்தப் பையனின் பக்கம் ஆப்பில் இன்னும் இருக்கிறது, 4.8 ஸ்டாருடன். என் ஒரு ஸ்டார் விமர்சனம் 'பரிசீலனையில்' இருக்கிறதாம். 23,600 திரும்பி வந்தால் இங்கேயே வந்து எழுதுகிறேன்.