தேத்தண்ணி கேட்ட திறப்புக்காரர்

ஜேர்மனியில் கார் வைத்திருக்கிற எங்கட சனத்துக்காக எழுதுகிறேன். திறப்பைத் தொலைத்துவிட்டு நிற்கும்போது, "எங்கட ஆள் ஒருத்தர் இருக்கிறார், அரை விலையில் செய்து தருவார்" என்று யாராவது நம்பர் தந்தால், அழைக்க முதல் இதை ஒருக்கால் வாசியுங்கோ.

ஹாம் காமாட்சி அம்பாள் கோயில் தீர்த்தத்துக்கு மச்சானின் காரில் போயிருந்தேன். கால்வாய்க்கரைச் சனத்துக்குள், வேட்டி மடிப்பில் செருகியிருந்த என் கார்த் திறப்பு எங்கேயோ விழுந்துவிட்டது. மற்றத் திறப்பு வீடு மாறேக்கயே தொலைந்தது. இன்றைக்குச் செய்வம், நாளைக்குச் செய்வம் என்று இருந்ததின் பலன். வீட்டு வாசலில் கார் நிற்கிறது, கையில் ஒரு திறப்பும் இல்லை.

கொம்பனிக் கராஜுக்கு அடித்தேன். காரை இழுத்துக்கொண்டு வரவேண்டும், திறப்பு வர இரண்டு கிழமை ஆகும், எழுநூறு யூரோவுக்குக் கிட்ட வரும் என்றார்கள். கோயிலில் பழக்கமான ஒருத்தர் ஒரு நம்பர் தந்தார். 240 யூரோ, அன்றைக்கே, அதுவும் வீட்டுக்கு வந்து.

நான் ஒன்றும் விசாரிக்காமல் போய் விழவில்லை. "திறப்பு வேலைக்கும், சரியான திறப்பு இல்லாட்டி எஞ்சினைப் பிடிக்கவிடாத இமொபிலைசர் வேலைக்கும் செர்மி (SERMI) எண்டு ஒரு அனுமதி இருக்கு, கேட்டுப் பாருங்கோ மாமா" என்று மருமகன் சொல்லியிருந்தான். திறப்புக்காரரிடம் கேட்டேன். "இல்லாமலோ தம்பி" என்று சொல்லி, கண்ணாடிச் சட்டம் போட்ட சான்றிதழ் ஒன்றின் படத்தை வட்ஸ்அப்பில் அனுப்பினார். முத்திரை இருந்தது, கையெழுத்து இருந்தது, அவரின் பெயர் பெரிய எழுத்தில் இருந்தது. எனக்கு அது போதுமாக இருந்தது.

வந்தார். நல்ல கதை, நல்ல சிரிப்பு. கம்பி மாதிரி ஒரு கருவியால் கதவைத் திறந்தார். வானுக்குள்ளேயே திறப்பு வெட்டுகிற மெசின். ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கிற சொக்கெட்டில் ஒரு பெட்டியைச் செருகினார். "இது கொஞ்ச நேரம் எடுக்கும் தம்பி, ஒரு தேத்தண்ணி கிடைக்குமோ?" என்றார். நான் மூன்றாம் மாடிக்கு ஏறி, பால் காய்ச்சி, இஞ்சி தட்டிப் போட்டு, இறங்கி வரக் கால் மணித்தியாலம். கார் ஸ்டார்ட்டில் நின்றது. காசைக் கொடுத்தேன். றெக்னுங், அதுதான் பில், நான் கேட்கவில்லை, அவரும் தரவில்லை.

வந்து போகும் வரைக்கும் அவர் என்னிடம் அடையாள அட்டை கேட்கவில்லை. காரின் பதிவுப் பத்திரத்தை, நாங்கள் ஷைன் என்று சொல்கிறோமே, அதையும் கேட்கவில்லை. அந்தக் கார் என்னுடையதுதான் என்று அவருக்கு எப்படித் தெரியும்? பக்கத்து வீட்டுக்காரனின் காரைக் காட்டியிருந்தாலும் அதே 240 யூரோவுக்கு அதே சிரிப்போடு செய்து தந்திருப்பார். அதை நான் அன்றைக்கு மரியாதை என்று நினைத்தேன்!

மூன்று கிழமை ஓடினது. ஒரு திங்கட்கிழமை விடிய வேலைக்கு இறங்கினால் டாஷ்போர்டில் திறப்பு அடையாளம் மினுங்குகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை. ஏடிஏசிக்காரர், அதுதான் கார் நின்றுபோனால் உதவிக்கு வருகிற சங்கத்தின் ஆள், வந்து பார்த்துவிட்டு, "திறப்பைக் கார் அடையாளம் காணவில்லை, இதை யார் செய்தது?" என்று கேட்டார். நான் வாய் திறக்கவில்லை. பக்கத்தில் இருந்த ஒரு சின்னக் கராஜுக்கு இழுத்துக்கொண்டு போய் விட்டார். துருக்கிக்காரர் ஒருத்தரும் மகனும் நடத்துகிற இடம்.

அங்கேதான் செர்மி எப்படி இருக்கும் என்று கண்ணால் பார்த்தேன். மகன் முதலில் கேட்டது என் பாஸ்போர்ட், பிறகு ஷைன். இரண்டையும் நகல் எடுத்தான். பத்திரத்தில் இருக்கிற சட்டக எண்ணையும் கண்ணாடிக்குக் கீழே பொறித்திருக்கிற எண்ணையும் விரல் வைத்து ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிட்டான். கணினியில் கார்க் கொம்பனியின் தளத்துக்குள் போனான். அவனுடைய போன் ஒலித்தது. அதில் இருந்த செயலியில் இரகசிய எண்ணை அழுத்தினபிறகுதான் தளம் கதவைத் திறந்தது. தகப்பன் பக்கத்தில் நின்றார், ஆனால் அவரால் அதைச் செய்ய ஏலாதாம். அவர் பெயரில் அனுமதி எடுக்கவில்லை, மகனின் பெயரில்தான் இருக்கிறது என்றார்.

சுவரில் மாட்டுகிற கண்ணாடிச் சட்டத்துக்கும் செர்மிக்கும் சம்பந்தமே இல்லை. கொம்பனிக் கராஜுகளுக்கு இருக்கிற பழுதுபார்ப்புத் தகவல் தனியார் கராஜுகளுக்கும் கிடைக்கவேண்டும் என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டம். திறப்பு, இமொபிலைசர் மாதிரிக் களவோடு தொடர்புபட்ட பகுதியை மட்டும் கண்டவன் கையில் கொடுக்க ஏலாது என்றுதான் செர்மி வந்தது. ஜேர்மனியில் 2024 ஏப்ரல் 1இலிருந்து நடைமுறை. கராஜுக்கு ஒரு ஒப்புதல், வேலை செய்கிற ஆளுக்குத் தனியாக ஒரு அனுமதி. குற்றப் பதிவு இல்லை என்ற பத்திரம், பொறுப்புக் காப்புறுதி எல்லாம் காட்டவேண்டும். ஐந்து வருடத்துக்குச் செல்லும். சொல்லாமல் கொள்ளாமல் வந்தும் சோதிப்பார்கள். அதுக்காகச் செர்மி இல்லாத கராஜெல்லாம் கள்ளக் கராஜ் என்று நினைக்கவேண்டாம். எண்ணெய் மாற்றவும் பிரேக் கட்டை போடவும் அது தேவையில்லை. என் பிரேக் வேலையை இப்பவும் செர்மி இல்லாத ஒருத்தரிடம்தான் கொடுக்கிறேன், தங்கமான மனிசன்.

அப்ப எனக்குத் திறப்பு செய்தவர் எப்படிச் செய்தார்? கொம்பனித் தளத்துப் பக்கமே போகாமல், காரின் பாதுகாப்பைச் சுற்றிக்கொண்டு போகிற பெட்டிகள் விற்பனைக்கு இருக்கின்றன. காசு இருந்தால் யாரும் வாங்கலாம்.

இதெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கேக்க மகன் கணினித் திரையை என் பக்கம் திருப்பினான். "உங்களிடம் எத்தனை திறப்பு இருக்கு?" என்று கேட்டான்.

"ஒண்டுதான்."

திரையில், காருக்குப் பழக்கியிருக்கிற, அதாவது காரின் நினைவில் பதிந்திருக்கிற, திறப்புகளின் எண்ணிக்கை என்ற வரிக்கு நேரே 2 என்று நின்றது.

தொலைந்த பழைய திறப்பாக இருக்கும் என்றேன். இல்லையாம். இந்தக் காரில் திறப்புப் பழக்கும்போது, அந்த நேரம் கையில் இருக்கிற திறப்புகள் மட்டும்தான் கணக்கில் நிற்கும், மற்றதெல்லாம் அழிந்துபோகும். அன்றைக்கு வாசலில் இரண்டு திறப்புப் பழக்கப்பட்டிருக்கிறது. என் கையில் தரப்பட்டது ஒன்று.

இஞ்சி தட்டின கால் மணித்தியாலம்தான் எனக்கு நினைவுக்கு வந்தது.

பழையது எல்லாவற்றையும் அழித்து, இரண்டு அசல் திறப்பு எடுத்துப் பழக்க 610 யூரோ முடிந்தது. முதலிலேயே இவரிடம் போயிருந்தால் கொம்பனிக் கராஜை விட மலிவாகவே முடிந்திருக்கும். இழுத்த காசு இல்லை, ஏடிஏசியில் அங்கத்தவர் என்றபடியால் தப்பினேன்.

காப்புறுதிக்காரருக்கும் அடித்துச் சொன்னேன். மறுமுனையில் இருந்த பெண் மெல்லிய குரலில் ஒரு கேள்வி கேட்டாள்: "கார் களவு போயிருந்தால் எங்களுக்கு எந்தத் திறப்புகளைத் தந்திருப்பீர்கள்?" கார் களவு போனால் எல்லாத் திறப்பையும் கையளிக்கச் சொல்லுவார்கள். கதவு உடையாமல், கண்ணாடி நொருங்காமல், பழக்கின திறப்பால் ஓட்டிக்கொண்டு போயிருந்தால் நான் தான் விற்றுவிட்டு நாடகம் ஆடுகிறேன் என்று எழுதியிருப்பார்கள். எழுதினாலும் பிழை சொல்ல ஏலாது.

திறப்பு செய்து தந்த அந்த அண்ணைக்கும் அடித்தேன். "அது மெசின் ரெண்டு தரம் பதிஞ்சிருக்கும் தம்பி, கோயிலில காணுற முகங்கள் நாங்கள், இப்பிடிக் கேக்கலாமோ" என்றார். காசைப் பற்றிக் கேட்டதும் லைன் வெட்டுப்பட்டது. அதுக்குப் பிறகு எடுக்கவில்லை.

பொலிசில் முறைப்பாடு எழுதிக் கொடுத்திருக்கிறேன். றெக்னுங் எங்கே என்றுதான் அவர்களும் முதலில் கேட்டார்கள். வட்ஸ்அப் படத்தைக் காட்டினேன். அதிகாரி இரண்டு விரலால் அதைப் பெருப்பித்து வாசித்தார். நான் அன்றைக்குத்தான் முதல்முதலாக அதை வாசித்தேன். திறப்புக் கருவி விற்கிற ஒரு கடை நடத்தின ஒருநாள் பயிற்சியில் பங்குபற்றியதற்கான தாள். செர்மி என்ற சொல்லே அதில் எங்கேயும் இல்லை.

பெயரையும் ஊரையும் ஏன் போடவில்லை என்று கேட்பீர்கள். நிரூபிக்க முடியாததைப் பெயரோடு எழுதினால் வழக்கு என் மேல் திரும்பும் என்று வழக்கறிஞர் சொல்லிவிட்டார். ஆனால் உங்களில் யாராவது, பத்திரம் காட்டாமல், றெக்னுங் இல்லாமல், வீட்டு வாசலில் வைத்துத் திறப்பு செய்திருந்தால், முறையான கராஜ் ஒன்றில் அந்த எண்ணிக்கையை மட்டும் வாசிக்கச் சொல்லுங்கோ. பத்து நிமிச வேலை. துருக்கிக்காரர் என்னிடம் அதுக்குக் காசு வாங்கவில்லை.