கார்ட் பாதையில் பந்து: எடுப்பதா, அப்படியே அடிப்பதா?

கோல்ஃப் திடலில் கார்ட் வண்டி ஓடும் சிமென்ட் பாதையில் பந்து நின்றதுமே "ஃப்ரீ டிராப்தானே" என்று குனிந்து எடுத்துவிடுகிறோம். தண்டனையின்றிப் பந்தை எடுத்து வேறிடத்தில் விழவிடும் (டிராப்) உரிமையை கோல்ஃப் விதி 16.1 தருகிறது, சரி. ஆனால் எங்கே டிராப் செய்ய வேண்டிவரும் என்று பார்த்த பிறகே பந்தைத் தொட வேண்டும். எடுத்தபின் மனம் மாறிப் பழைய இடத்தில் வைத்தால் 1 ஸ்ட்ரோக் (அடி) தண்டனை.

ஃப்ரீ டிராப்புக்கு அளவு தொடங்குவது மிக அருகிலுள்ள புள்ளியில். மிக வசதியான புள்ளியில் அல்ல. அங்கே பந்து, கால், கிளப் வீச்சு மூன்றுக்கும் பாதை குறுக்கே வரக்கூடாது. குழிக்கு நெருங்கவும் கூடாது. 2.4 மீட்டர் பாதையின் நடுவே பந்து, ஆடுபவர் வலக்கைக்காரர் என்றால், புள்ளி பெரும்பாலும் குழியை நோக்கி இடப்பக்கம் அமையும். அங்கே பந்து விளிம்பைத் தாண்டினாலே கால்கள் புல்லில் இருக்கும். வலப்பக்கம் என்றால் கால்களும் பாதையைவிட்டு விலக வேண்டும், பந்து இன்னும் தள்ளிப் போகும். இடக்கைக்காரருக்கு நேர்மாறு. அடுத்த அடிக்கு எடுக்கப்போகும் கிளப்புடன் நின்று பார்த்து, டீயை (பந்தைத் தாங்கும் சிறு குச்சி) ஊன்றிக் குறியுங்கள். அங்கிருந்து ஒரு கிளப் நீளம். குழியருகே பந்தை உருட்டும் புட்டர் நீங்கலாகப் பையில் மிக நீளமானது, டிரைவர் என்றால் சுமார் 115 செ.மீ. முழங்கால் உயரத்திலிருந்து டிராப். இரண்டு முறை டிராப் செய்தும் பந்து அந்த ஒரு கிளப் நீள எல்லையைத் தாண்டி ஓடினால், இரண்டாவது டிராப் தரையைத் தொட்ட இடத்தில் வையுங்கள். தவறான இடத்திலிருந்து அடித்தால், மொத்த அடிகளை எண்ணும் ஸ்ட்ரோக் பிளேயில் 2 ஸ்ட்ரோக் தண்டனை.

அந்தப் புள்ளி கிகுயு புல் வளர்ந்த ரஃப்பில் (ஓரத்து நெடும்புல்) விழுந்தால்? தென்னாப்பிரிக்காவில் ஆடுபவர்களுக்கு இந்தப் புல்லைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை: பந்து அடியில் அமிழும், கிளப் கழுத்தைப் புல் பிடித்து முகத்தைத் திருப்பிவிடும். சிமென்ட்டிலோ பந்து சுத்தமாக நிற்கிறது. முன்னே தடையில்லை, தூரம் வேண்டும் என்றால் அங்கிருந்தே அடிப்பதுதான் மேல் என்பேன். பந்தைச் சற்றுப் பின்காலுக்கு வைத்து, முதலில் பந்தைத் தொடும்படி நடுத்தர இரும்புக் கிளப்பால் (நடு அயர்ன்) அடியுங்கள். முகம் மிகச் சாய்ந்த வெட்ஜ் கிளப் வேண்டாம், அதன் அடிப்பகுதி சிமென்ட்டில் துள்ளி, விளிம்பு பந்தின் நடுவில் படும். கிளப்பில் கீறல் விழும், அதற்குத் தயாராக இருங்கள்.

இந்திய வம்சாவளித் தென்னாப்பிரிக்க வீரர் பாப்வா சேவ்கோலம் 1963-ல் நேட்டால் ஓபன் வென்ற டர்பன் கண்ட்ரி கிளப் போன்ற மணல்மேட்டுத் திடல்களில் மூன்றாவது வழியும் நினைவிருக்கட்டும். ஃப்ரீ புள்ளி புதருக்குள், சிமென்ட்டிலும் ஆட வழியில்லை என்றால், 1 ஸ்ட்ரோக் தண்டனையோடு ஆட முடியாத பந்து என்று சொல்லிப் பாதையிலிருந்தே இரண்டு கிளப் நீளம் அளக்கலாம். முதலில் ஃப்ரீயாகப் புதருக்குள் டிராப் செய்துவிட்டால், பிறகு அந்த அளவு புதரிலிருந்துதான் தொடங்கும்.

மணற்குழியான பங்கரில் ஃப்ரீ டிராப் பங்கருக்குள்ளேயே. வெளியே வர 1 ஸ்ட்ரோக். குழி உள்ள கிரீனின் ஓர ஸ்பிரிங்க்ளர் (நீர்த்தெளிப்பான்) பந்து போகும் கோட்டில் மட்டும் இருந்தால், பந்து கிரீனில் இல்லாதவரை விலக்கு இல்லை. கிளப்பின் உள்ளூர் விதி தந்தால் மட்டுமே உண்டு. எல்லை வேலிக்கு ஒருபோதும் ஃப்ரீ டிராப் கிடையாது.